அழிந்த விலங்குகளில் ஒன்றை மட்டும் திரும்பக் கொண்டுவரலாம் என்றால், எதை?

முதலில் டைனோசரை ஓரமாக வைத்துவிடுவோம். இந்தப் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறது, ஆனால் அதற்கு வழியே இல்லை. உயிர் போனதிலிருந்தே டிஎன்ஏ உடைய ஆரம்பித்துவிடும். நியூசிலாந்தில் வாழ்ந்து மறைந்த மோவா என்ற ராட்சதப் பறவையின் எலும்புகளை வைத்து 2012-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். அந்த எலும்புகளில் குறிப்பிட்ட நீளமுள்ள டிஎன்ஏ துண்டுகளில் பாதி 521 ஆண்டுகளில் உடைந்துபோகிறது, அடுத்த 521 ஆண்டுகளில் மிச்சத்தில் பாதி, இப்படியே போகும். உறைபனிக்குள் கிடந்தால் இன்னும் நிறையக் காலம் தாங்கும். கிரீன்லாந்தின் வடகோடியில் உறைந்த மண்ணிலிருந்து சுமார் 20 லட்சம் ஆண்டுப் பழைய டிஎன்ஏவை மீட்டதாக 2022-இல் ஆய்வு வந்தது. டைனோசர்கள் போய் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. விஷயம் முடிந்தது.

ஆக, போட்டியில் இருப்பவை எல்லாம் நேற்றோ முந்தாநாளோ போனவை மாதிரிதான்: மாமூத் என்ற முடி அடர்ந்த பனியுக யானை, டாஸ்மானியப் புலி, டோடோ, பயணிப் புறா, ஒரு விசித்திரமான ஆஸ்திரேலியத் தவளை. கூடவே இன்னும் முழுசாகப் போகாமல் விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும் இரண்டு பேர், வடக்கு வெள்ளைக் காண்டாமிருகமும் கருங்கால் ஃபெரெட் என்ற கீரி மாதிரிப் பிராணியும். உங்கள் ஆதரவு, அது பணமாக இருக்கட்டும், படிக்கப்போகும் படிப்பாக இருக்கட்டும், வெறும் ஆர்வமாகவே இருக்கட்டும், இவற்றில் ஒன்றுக்கு மட்டும்தான் என்றால் எதற்குப் போகவேண்டும்?

பெரும்பாலும் செய்திகள் "டிஎன்ஏ கிடைத்துவிட்டது" என்பதில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகின்றன. எனக்கு என்னவோ அதுதான் இந்த வேலையிலேயே சுலபமான பகுதி என்று தோன்றுகிறது. நான் கேட்கும் கேள்விகள் வேறு. அந்தக் கரு யார் வயிற்றில், எந்த முட்டைக்குள் வளரும்? பிறந்த பிறகு எங்கே வாழும், முன்பு அதை அழித்த காரணம் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறதா? அப்புறம், பிறப்பது உண்மையில் அதுதானா, இல்லை அதன் சாயலா? இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் வரிசை அப்படியே தலைகீழாக மாறுகிறது.

அழிந்த ஒன்று ஏற்கெனவே ஒருமுறை திரும்பி வந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஸ்பெயினின் பிரனீஸ் மலையில் புகார்டோ என்ற ஒரு காட்டாடு இருந்தது. அதில் கடைசியாக மிஞ்சியது ஒரு பெட்டை, பெயர் செலியா. 1999-இல் அதைப் பிடித்து, காதுத் தோலில் சிறு துணுக்கை எடுத்து உறைய வைத்துவிட்டு, கழுத்தில் ரேடியோ பட்டையை மாட்டி விட்டார்கள். 2000 ஜனவரி 6 அன்று மரம் ஒன்று முறிந்து விழுந்து அதன் அடியில் நசுங்கிக் கிடந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, அந்தத் தோல் செல்களின் உட்கருவை வீட்டு ஆட்டின் கருமுட்டைகளுக்குள் வைத்து, உருவான கருக்களைக் கலப்பின ஆடுகளின் கருப்பையில் ஏற்றினார்கள். 2003 ஜூலை 30 அன்று ஒரு குட்டி அறுவை சிகிச்சையில் உயிரோடு பிறந்தது. மூச்சு விடத் திணறியது. நுரையீரலோடு ஒட்டி ஒரு தேவையில்லாத திசுக்கட்டி வளர்ந்திருந்தது, சில நிமிடங்களில் இறந்துவிட்டது. புகார்டோ இரண்டு முறை அழிந்த விலங்கு.

இதில் நாம் கவனிக்கவேண்டியது, அந்தக் குட்டி பிழைத்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்பதுதான். கையில் இருந்தது ஒரே ஒரு பெட்டையின் செல்கள். அதிலிருந்து எத்தனை குட்டி எடுத்தாலும் எல்லாம் பெட்டை, எல்லாம் செலியா. ஒரு விலங்கைப் பிறக்க வைப்பதும் ஒரு இனத்தை மீட்பதும் வேறு வேறு வேலைகள். இத்தனைக்கும் தாய் ஆடு நெருங்கிய உறவு, மலை அப்படியே இருக்கிறது, செல்கள் உயிரோடு உறைய வைக்கப்பட்டவை, எல்லாமே சாதகமாக இருந்த ஒரு முயற்சி இது.

சரி, "அதுதானா, சாயலா" என்ற கேள்விக்கு 2025 ஏப்ரலில் நல்ல உதாரணம் கிடைத்தது. அமெரிக்காவின் கொலோசல் என்ற நிறுவனம் சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்த டயர் ஓநாய் (dire wolf) என்ற இனத்தை மீட்டுவிட்டதாக அறிவித்தது. ரோமுலஸ், ரீமஸ், கலீசி என்று மூன்று வெள்ளைக் குட்டிகள், பார்க்கக் கொள்ளை அழகு. நடந்தது என்னவென்றால், 13,000 ஆண்டுப் பழைய ஒரு பல்லிலிருந்தும் 72,000 ஆண்டுப் பழைய ஒரு மண்டையோட்டிலிருந்தும் டயர் ஓநாயின் மரபுத்தொகுதியை, அதாவது முழு டிஎன்ஏ வரிசையைப் படித்து, அதைப் பார்த்து இன்றைய சாம்பல் ஓநாயின் செல்லில் 14 மரபணுக்களில் 20 திருத்தங்கள் செய்து, நாயின் வயிற்றில் வளர்த்தார்கள். ஓநாயின் மரபுத்தொகுதியில் 200 கோடிக்கும் மேல் எழுத்துகள். அதில் 20 திருத்தம். பழைய வீட்டின் வாசல் கதவைக் கொண்டுவந்து புது வீட்டில் மாட்டியதுபோல், தெருவில் நின்று பார்ப்பவருக்குப் பழைய ஞாபகம் வரும், உள்ளே போனால் எல்லாம் புதுசு. ஓநாய், நாய் இனங்களுக்கான சர்வதேச நிபுணர் குழு இவை டயர் ஓநாய்கள் அல்ல என்று சொல்லிவிட்டது. நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானி பெத் ஷபிரோவும் பிறகு ஒரு பேட்டியில் இவை திருத்தம் செய்யப்பட்ட சாம்பல் ஓநாய்கள்தான் என்றார். தொழில்நுட்பத்தைக் குறை சொல்லவில்லை, ஒரே செல்லில் 20 இடத்தில் திருத்தி ஆரோக்கியமான குட்டி எடுப்பது சாமானிய வேலை இல்லை. பெயர் வைத்ததுதான் உறுத்துகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு மாமூத்துக்கு வருவோம், ஏனென்றால் அதிகப் பணமும் அதிகக் கனவும் அங்கேதான் இருக்கின்றன.

மாமூத்தை நாம் பனியுகத்து மிருகம் என்று எங்கேயோ தூரத்தில் வைத்திருக்கிறோம். உண்மையில் ஆர்க்டிக் கடலில் இருக்கும் ராங்கல் தீவில் அவற்றின் கடைசிக் கூட்டம் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்புவரை வாழ்ந்தது. கீசாவின் பெரிய பிரமிடு கட்டி முடித்துச் சில நூற்றாண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. அதனால் டிஎன்ஏவுக்குக் குறைவே இல்லை. சைபீரியாவின் உறைமண்ணிலிருந்து தோல், மயிர், தசையோடு முழு உடல்களே கிடைக்கின்றன. யூகா என்று பெயரிட்ட ஒரு குட்டி மாமூத் 2010-இல் கிடைத்தது, 28,000 ஆண்டுப் பழசு. ஜப்பானிய விஞ்ஞானிகள் அதன் செல்களின் உட்கருக்களை எடுத்து எலியின் கருமுட்டைகளுக்குள் செலுத்திப் பார்த்து 2019-இல் வெளியிட்டார்கள். செல் பிரிவதற்கு முன்பு நடக்கும் சில ஏற்பாடுகள் உள்ளே தொடங்கின, ஆனால் செல் பிரியவில்லை. அவ்வளவு சேதம். ஆகவே நேரடியாகக் குளோனிங் செய்யும் கதை முடிந்தது, மிச்சமிருப்பது ஆசிய யானையின் செல்லை எடுத்து மாமூத் பக்கமாகத் திருத்திக்கொண்டே போவது. இரண்டுக்கும் நடுவே மாமூத்துக்கே உரிய வித்தியாசங்கள் சுமார் 14 லட்சம் இடங்களில் இருக்கின்றன என்று 2015-இல் ஒரு ஆய்வு எண்ணிச் சொன்னது. அதில் எத்தனையைத் திருத்தினால் அது மாமூத்? நீளமான முடி, தடித்த கொழுப்பு, சின்னக் காது, குளிரில் வேலை செய்யும் ரத்தம், இவ்வளவு போதுமா? யாரும் இதற்கு ஒரு கோடு கிழிக்க முடியாது.

கோடு கிடக்கட்டும், வயிறு எங்கே? ஆசிய யானை தானே அழிவின் ஆபத்தில் இருக்கும் இனம். ஒரு குட்டி சுமக்க 22 மாதம்வரை ஆகும், இரண்டு குட்டிகளுக்கு நடுவே பல ஆண்டுகள் இடைவெளி. வெளியிலிருந்து கருப்பைக்குப் போகும் பாதை ஒரு மீட்டருக்கும் மேல் நீளம், கருமுட்டையை எடுப்பதே மகா பாடு. விந்தணுவைச் செலுத்திக் கருத்தரிக்க வைத்ததில் யானைக்குட்டிகள் பிறந்திருக்கின்றன, ஆனால் வெளியே உருவாக்கிய கருவை உள்ளே வைத்து இதுவரை ஒரு யானைக்குட்டியும் பிறந்ததில்லை. சாதாரண யானைக்கே நடக்காத ஒன்றைத் திருத்திய கருவை வைத்து, ஒரு முறை இல்லை, ஒரு கூட்டம் உருவாகும் அளவுக்குத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். ஒவ்வொரு தோல்வியும் ஒரு ஆசிய யானையின் உடம்பில் நடக்கும். 2028-இல் முதல் கன்று என்று, மாமூத்திலும் இறங்கியிருக்கும் அதே கொலோசல் நிறுவனம் சொல்கிறது. நான் அதற்குப் பந்தயம் கட்ட மாட்டேன்.

மாமூத் தரப்பின் வலுவான வாதம் வாழிடம் பற்றியது. யாகூத்தியாவில் செர்கெய் சிமோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி 1996-லிருந்து பிளைஸ்டோசின் பூங்கா என்ற ஒன்றை நடத்துகிறார். குளிர்காலத்தில் பனி ஒரு போர்வையாகப் படிந்து மண்ணைக் கதகதப்பாக வைத்துக்கொள்கிறது, பெரிய மிருகங்கள் அந்தப் பனியை மிதித்து இறுக்கினால் வெளிக்குளிர் மண்ணுக்குள் இறங்கும், உறைமண் உருகாமல் இருக்கும், அதில் அடைந்து கிடக்கும் கார்பனும் வெளியே வராது என்பது அவருடைய கருத்து. அருமையான யோசனைதான். ஆனால் கவனியுங்கள், அதை அவர் சோதித்துக்கொண்டிருப்பது குதிரை, பைசன், யாக், கஸ்தூரி மாடு ஆகியவற்றை வைத்து. இன்றைக்கு இருக்கும் மிருகங்கள். மரத்தைச் சாய்ப்பதற்கு மட்டும்தான் மாமூத் தேவைப்படும், அதற்கு ஆள் வைத்தோ இயந்திரம் வைத்தோ பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கில் மாமூத்தின் பங்கு, அதைச் சொல்லித்தான் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பது மட்டும்தான்.

அதோடு யானைகள் தாயிடமும் பாட்டியிடமும் கற்றுக்கொள்ளும் மிருகங்கள். எங்கே நீர், எந்தப் பாதை, எது ஆபத்து என்பதெல்லாம் மரபணுவில் இல்லை. முதல் மாமூத் கன்றுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க மாமூத் யாரும் இருக்காது. மாமூத் திட்டத்துக்கு ஒரு நல்ல வார்த்தையும் சொல்லவேண்டும், யானைக்குட்டிகளைச் சில நாட்களில் கொன்றுவிடும் ஒரு ஹெர்ப்பிஸ் வைரஸுக்குத் தடுப்பூசி தேடும் ஆராய்ச்சிக்கு இந்தப் பக்கத்திலிருந்தும் உதவி போகிறது. அது உருப்படியான விஷயம். அதற்கு மாமூத் என்ற காரணம் தேவைதானா என்பது வேறு.

டாஸ்மானியப் புலியின் கதை இதற்கு அப்படியே எதிர்மாறு. தைலசின் என்றும் சொல்வார்கள், முதுகின் பின்பாதியில் வரி இருப்பதால்தான் புலி, மற்றபடி நாய் மாதிரி இருக்கும் ஒரு பைப்பாலூட்டி, கங்காருவின் தூரத்து உறவு. ஆடுகளைத் தின்கிறது என்று சொல்லி டாஸ்மானிய அரசே 1888 முதல் 1909 வரை தலைக்கு ஒரு பவுண்டு கொடுத்துக் கொல்ல வைத்தது, 2,000-க்கும் மேல் பணம் பட்டுவாடா ஆனது. அதற்குச் சட்டப் பாதுகாப்பு வந்த 59-ஆம் நாள், 1936 செப்டம்பர் 7 அன்று, ஹோபார்ட் விலங்குக்காட்சி சாலையில் கடைசி ஒன்றும் செத்தது. அதன் உடல் தொலைந்துவிட்டது என்றே பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2022-இல் பார்த்தால் டாஸ்மானிய அருங்காட்சியகத்தின் ஒரு அலமாரியிலேயே எலும்பும் தோலும் இருந்திருக்கின்றன. அதுதான் கடைசி என்று தெரியாமலேயே அந்தத் தோலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட ஊர் ஊராக எடுத்துப் போயிருக்கிறார்கள்.

இதற்கு நெருங்கிய உறவு என்று சொல்லிக்கொள்ள யாரும் பக்கத்தில் இல்லை. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ பாஸ்க் குழுவினர் எடுத்துக்கொண்டிருப்பது கொழுத்த வால் டன்னார்ட் என்ற எலியளவுப் பிராணியை. இரண்டு வம்சங்களும் பிரிந்து 3 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, அதனால் திருத்தங்களின் எண்ணிக்கை மாமூத்தை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். சாயல் கேள்வியில் இது மிக மோசமான மதிப்பெண். ஆனால் வயிறு கேள்வியில் பிரமாதம். பைப்பாலூட்டிகளின் குட்டி பிறக்கும்போது ஒரு அரிசிமணி அளவுதான் இருக்கும், டன்னார்ட்டின் கர்ப்பகாலம் இரண்டு வாரம்கூட இல்லை. எலியளவுத் தாயால் ஒரு தைலசின் குட்டியைப் பெற்றெடுக்க முடியும் என்பது முதலில் கேட்டால் சிரிப்பாக இருக்கும், யோசித்தால் நியாயமாக இருக்கும். மிச்ச வளர்ச்சி பையில், பால் குடித்துக்கொண்டு. அந்தப் பைக்கு மாற்று ஏற்பாடு செய்யவேண்டும், அது கஷ்டம்தான், ஆனால் யானை வயிற்றை விடக் கஷ்டம் இல்லை. தோற்றாலும் ஒரு சுழற்சி சில வாரங்களில் முடிந்து மறுபடி தொடங்கலாம். யானையில் ஒரு தோல்வி என்றால் இரண்டு ஆண்டு போச்சு.

வாழிடக் கேள்வியில் இன்னும் நல்ல மதிப்பெண். டாஸ்மானியாவின் காடு பெருமளவு நிற்கிறது, அது வேட்டையாடிய வாலபிகள் இருக்கின்றன. அழித்தது நோயோ தட்பவெப்பமோ மட்டும் அல்ல, பெரும்பங்கு துப்பாக்கியும் பொறியும். அதை ஒரு சட்டத்தால் நிறுத்தலாம். ஆடு வளர்ப்பவர்களோடு மறுபடி தகராறு வரும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

டோடோவுக்கு இரண்டே பத்தி போதும். மொரீஷியஸில் 1662-இல் பார்த்ததுதான் நம்பத்தக்க கடைசிப் பதிவு. அதன் நெருங்கிய உறவு நிக்கோபார் புறா. சிக்கல் என்னவென்றால், பறவைகளைக் குளோனிங் செய்யவே முடியாது. முட்டை என்பது மஞ்சள்கருவோடு கூடிய ஒரே பெரிய செல், அதன் உட்கருவை எடுத்து மாற்றுவது நடக்காத காரியம், முட்டை வெளியே வரும்போதே உள்ளே கரு பல்லாயிரம் செல்லாகியிருக்கும். அதனால் சுற்றுவழி. புறாவின் இனச்செல்களுக்கு மூலமான செல்களைத் திருத்தி, கோழி முட்டைக்குள் வளரும் கருவில் ஏற்றி, பிறக்கும் கோழியின் உடம்பில் டோடோவின் விந்தணுவும் கருமுட்டையும் உருவாகும்படி செய்யவேண்டும். கோழியில் இந்த வித்தை நடக்கிறது. ஆனால் அவ்வளவு பெரிய டோடோ முட்டையை எந்தக் கோழி இடப்போகிறது என்று கேட்டால் பதில் இழுபறிதான்.

இட்டாலும், டோடோவின் முட்டைகளைத் தின்று தீர்த்த எலியும் பன்றியும் குரங்கும் அந்தத் தீவில் இன்றும் இருக்கின்றன. அதே மொரீஷியஸில், மரபணுவைத் தொடாமல் நடந்த வேலைகளைப் பாருங்கள். 1974-இல் அந்தத் தீவின் சிறுபருந்து மொத்தமே 4 என்ற நிலையில் இருந்தது. இளஞ்சிவப்புப் புறா 1990 வாக்கில் காட்டில் பத்துப் பக்கம்தான். கார்ல் ஜோன்ஸ் என்ற உயிரியலாளரும் அவரோடு இருந்தவர்களும் முட்டை எடுத்துக் குஞ்சு பொரித்து, தீனி வைத்து, எலியைப் பிடித்து, இரண்டையும் நூற்றுக்கணக்கில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அங்கே ஆமைகளும் அழிந்துபோயின, அவற்றுக்குப் பதில் அல்டாப்ரா தீவின் ராட்சத ஆமைகளைக் கொண்டுபோய் ஒரு குட்டித்தீவில் விட்டார்கள். அவை கருங்காலி மரத்தின் பழங்களைத் தின்று நடந்த இடமெல்லாம் விதை போட, முளைக்காமல் கிடந்த மரம் மறுபடி பரவ ஆரம்பித்தது. அந்த மரத்துக்குத் தேவை ஒரு ஆமை, பழைய ஆமையேதான் என்று அது கேட்கவில்லை.

பயணிப் புறாவை வேகமாகத் தாண்டிப் போகலாம். வட அமெரிக்காவில் கோடானுகோடியாக இருந்து, 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டியில் மார்த்தா என்ற கடைசிப் பறவையோடு முடிந்த இனம். பெருங்கூட்டமாக இருந்தால்தான் வாழும் பறவை என்பதால் நூறு, இருநூறு உருவாக்கி ஒன்றும் ஆகாது.

தவளைதான் என் மனதுக்குப் பிடித்தது. குயின்ஸ்லாந்தில் இருந்த அந்தப் பெண் தவளை, கருவுற்ற முட்டைகளை விழுங்கிவிடும், இரைப்பையில் அமிலம் சுரப்பது நின்றுவிடும், வாரக்கணக்கில் பட்டினி கிடந்து, கடைசியில் வாய் வழியாகக் குட்டித் தவளைகளைத் துப்பும். வயிற்றுப் புண் மருத்துவத்துக்கு இதில் ஏதாவது கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆள் காலி. இதில் இரண்டு இனங்கள், இரண்டாவது இனத்தை 1984-இல் கண்டுபிடித்தார்கள், 1985-க்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. மைக் ஆர்ச்சர் குழுவினர் சாதாரண உறைபெட்டியில் பல பத்தாண்டு கிடந்த திசுவிலிருந்து உட்கருவை எடுத்து வேறொரு தவளையின் முட்டையில் வைத்தபோது கருக்கள் உருவாகிச் சில நாள் இருந்தன என்று 2013-இல் அறிவித்தார்கள். ஒரு தாய்க்கு நூற்றுக்கணக்கில் முட்டை, வயிறும் தேவையில்லை, செலவும் குறைவு. ஆனால் உலகம் முழுக்கத் தவளைகளை அழித்துவரும் தோல் பூஞ்சைதான் இதற்கும் எமன் என்று சந்தேகிக்கிறார்கள், அது இன்னும் அந்த ஓடைகளில் இருக்கிறது. விட்டால் மறுபடி சாகும்.

இனி, இன்னும் போகாதவர்கள். வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தில் சூடான் என்ற கடைசி ஆண் 2018 மார்ச் 19 அன்று கென்யாவின் ஓல் பெஜெட்டாவில் இறந்தது. மிச்சம் நாஜின், ஃபாத்து, தாயும் மகளும், இருவராலும் கர்ப்பம் சுமக்க முடியாது. ஃபாத்துவின் கருமுட்டைகளையும் செத்துப்போன ஆண்களின் உறைந்த விந்தணுவையும் சேர்த்து 30-க்கும் மேற்பட்ட கருக்களை பயோரெஸ்க்யூ குழு உறைய வைத்திருக்கிறது. சுமக்கப் போவது தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம், மிக நெருங்கிய சொந்தம், ஆயிரக்கணக்கில் இருக்கிறது. முதலில் தெற்குக் கருவையே தெற்குத் தாயில் வைத்து ஒத்திகை பார்த்தார்கள். வெற்றி. ஆனால் அது தெரிய வந்ததே சோகமாக. பெருமழை வெள்ளத்தில் மண்ணிலிருந்து கிளம்பிய ஒரு பாக்டீரியா தொற்றி அந்தத் தாய் இறந்துபோனது, உடலைத் திறந்து பார்த்தபோது உள்ளே 70 நாள் வளர்ந்த 6.4 சென்டிமீட்டர் ஆண் சிசு, ஒழுங்காக உருவாகியிருந்தது. 2024 ஜனவரியில்தான் இதை அறிவித்தார்கள். வயிறு கேள்விக்கு நல்ல பதில், சாயல் கேள்விக்கு முழு மதிப்பெண், பிறப்பது அசல் வடக்கு வெள்ளைதான். பிறந்தால் நடத்தை சொல்லித்தர நாஜினும் ஃபாத்துவும் உயிரோடு இருக்கிறார்கள், அதனால்தான் அவசரம். இடிப்பது வாழிடம். கொம்புக்காகச் சுடுபவர்கள் ஓயவில்லை, அது முன்பு வாழ்ந்த நாடுகள் பலவற்றில் துப்பாக்கிச் சத்தமும் ஓயவில்லை.

கருங்கால் ஃபெரெட்டை யாரும் சுவரொட்டியில் போட மாட்டார்கள். கீரி மாதிரி நீளமாக, முகத்தில் கொள்ளைக்காரன் முகமூடி போல ஒரு கறுப்புப் பட்டை. அழிந்துவிட்டது என்று முடிவு கட்டிய பிறகு 1981-இல் அமெரிக்காவின் வயோமிங்கில் ஒரு பண்ணை நாய் ஒன்றைக் கவ்விக்கொண்டு வீட்டுக்கு வந்தது. தேடிப் பார்த்தால் ஒரு சிறு கூட்டமே இருந்தது, நோயில் அதுவும் கரைய, 1987-க்குள் மிஞ்சிய 18-ஐயும் பிடித்துக் கூண்டில் வளர்த்தார்கள். இன்று இருப்பவை எல்லாம் அதில் 7 பேரின் வாரிசு, அதாவது எல்லோரும் நெருங்கிய சொந்தம். இங்கேதான் குளோனிங் வருகிறது. வில்லா என்ற பெட்டை வாரிசு விடாமல் இறந்தது, ஆனால் அதன் செல்களை 1988-இல் சான் டியாகோவின் உறைநிலைச் சேமிப்பில் வைத்திருந்தார்கள். அதிலிருந்து 2020 டிசம்பர் 10 அன்று எலிசபெத் ஆன் பிறந்தது, வீட்டில் வளர்க்கும் சாதாரண ஃபெரெட் ஒன்று சுமந்தது. வில்லாவின் செல்களில் இருந்த தனித்துவமான மரபு வேறுபாடு இன்றைய கூட்டத்தின் சராசரியைப் போல் மூன்று மடங்கு. எலிசபெத் ஆனுக்குக் குட்டி பிறக்கவில்லை, கருப்பையில் கோளாறு. அதே செல்லிலிருந்து பிறந்த அன்டோனியா 2024-இல் குட்டி போட்டது, இரண்டு பிழைத்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உறைந்து கிடந்த ஒரு விலங்கின் மரபு, இயற்கையான இனச்சேர்க்கை வழியாக, உயிரோடு இருக்கும் கூட்டத்துக்குள் மறுபடி நுழைந்துவிட்டது. இதுவரை நான் சொன்னதில் வேறு எதுவும் இந்த இடத்துக்கு வரவில்லை.

இதற்கும் குறை உண்டு. ஃபெரெட் தின்பது பிரெய்ரி நாயை, பெயரில்தான் நாய், ஆள் அணில் குடும்பம். பிளேக் வந்தால் இரையும் சாகும், வேட்டையாடியும் சாகும். தடுப்பூசி, தீனியில் மருந்து என்று ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். ஆனால் காரணம் தெரியும், மருந்தும் கையில் இருக்கிறது.

ஆக என் ஓட்டு ஃபெரெட்டுக்கு, அடுத்து காண்டாமிருகம். இல்லை, முழுசாகப் போனதில் ஒன்றைத்தான் சொல்லவேண்டும் என்று அடம் பிடித்தால் தைலசின், அதுவும் பிறப்பது தைலசின் சாயலில் ஒரு புது மிருகம் என்று ஒப்புக்கொண்டு. கடைசியில் மாமூத். வருமானமோ புகழோ இல்லாத வேலை என்பதால் ஃபெரெட் பக்கம் கூட்டம் இல்லை, அதனாலேயே அங்கே போகிற ஒவ்வொரு கையும் கூடுதலாக எடுபடும்.

இந்த வரிசையை மாற்றக்கூடிய ஒரு விஷயம் மட்டும் இருக்கிறது, செயற்கைக் கருப்பை. 2017-இல் பிலடெல்பியாவில் குறைமாத ஆட்டுக்குட்டிகளைத் திரவம் நிரப்பிய பைக்குள் நான்கு வாரம்வரை வளர்த்துக் காட்டினார்கள், ஆனால் அது கடைசிக் கட்டத்துக்கு மட்டும். மறுமுனையில் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஜேகப் ஹன்னா குழு 2021-இல் எலிக்கருக்களைச் சுழலும் கண்ணாடிக் குப்பிகளில் 5-ஆம் நாளிலிருந்து 11-ஆம் நாள்வரை கொண்டுபோனது. எலியின் கர்ப்பம் சுமார் 20 நாள். அந்த 11 என்றைக்கு 20-ஐத் தொடுகிறதோ, அன்றைக்கு எலியளவுத் தாயின் பைக்கு மாற்றுத் தேடித் திணறும் தைலசின்காரர்கள் முதலில் மூச்சு விடுவார்கள். யானைக்கு 22 மாதம் என்பதால் மாமூத் அப்போதும் வரிசையில் பின்னால்தான் நிற்கும், ஆனால் குறைந்தது எந்த ஆசிய யானையையும் தொந்தரவு செய்யாமல் நிற்கும்.